மீட்டரில் ஐந்து காட்டுவது சான்று ஆகாது

"மீட்டர் வச்சுப் பாத்தேன், அஞ்சு காட்டுது. சப்ளை நல்லாத்தான் இருக்கு, தைரியமா போடு." பழைய வீட்டுக் கணினி ஒன்றைப் பரணிலிருந்து இறக்கி ஓட வைக்க நினைப்பவருக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை இதுதான். சென்னை ரிச்சி தெருவில் கடை வைத்திருப்பவர் இதைச் சொல்கிறார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் சொல்கிறார். இங்கே ஆவடியின் கோவில்பதாகையில் டிவி பழுது பார்ப்பவரும் சொல்கிறார். எல்லோரும் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இந்த அறிவுரை தவறு. அதை நம்பி செருகப்படும் போர்டுகள் அழிகின்றன.

எந்த இயந்திரங்களைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் சொல்லிவிடலாம். 1980களில் சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வந்தவர்கள் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்த கமோடோர் 64, இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம். புனேயில் தயாரான டிபி ஸ்பெக்ட்ரம். 1984-இல் மத்திய அரசு தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்தில் பள்ளிகளுக்குப் போன பிபிசி மைக்ரோ. அதையே மொகாலியில் செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் நிறுவனம் 'யூனிகார்ன்' என்ற பெயரில் வெளியிட்டது. இந்த நாட்டில் ஒரு தலைமுறை தன் முதல் பேசிக் நிரலை எழுதியது இவற்றில்தான். எஞ்சியிருப்பவை கொஞ்சம். புதிதாக இனி வரப்போவதில்லை.

எதிர்த் தரப்பின் வாதத்தை நியாயமாகவே எடுத்து வைக்கிறேன். போர்டுக்குத் தேவை 5 வோல்ட். அது வருகிறதா என்று மீட்டர் சொல்லிவிடுகிறது. அதற்கு மேல் என்ன வேண்டும்? இவை ஆய்வுக்கூடக் கருவிகள் கிடையாது, குழந்தைகள் செருகிப் பிடுங்கி விளையாடுவதற்காகச் செய்யப்பட்டவை. இத்தனை வருடம் தாங்கியவை இன்னும் தாங்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, சோதனை எளிதாக இருந்தால்தான் புதியவர் அதைச் செய்வார்; கடினமாக்கினால் ஒன்றுமே பார்க்காமல் செருகிவிடுவார். இந்தக் கடைசிக் கவலை உண்மையானது. மீட்டரே வைக்காமல் செருகுவதைவிட மீட்டர் வைப்பது மேல் என்பதிலும் எனக்கு மறுப்பில்லை. என் மறுப்பு, அந்த ஒற்றை எண்ணை 'சப்ளை நல்லது' என்ற தீர்ப்பாக மாற்றுவதற்கு.

1. லோடு இல்லாமல் பார்ப்பது சோதனையே இல்லை.

கணக்கைப் பாருங்கள். கடைகளில் அதிகம் விற்கும் மஞ்சள் நிற டிடி830டி மீட்டரின் உள்மின்தடை 1 மெகா ஓம். 5 வோல்ட் சப்ளையில் அதை வைத்தால் அது இழுக்கும் மின்னோட்டம் 5 மைக்ரோ ஆம்பியர். கமோடோர் 64 அதே லைனில் இழுப்பது ஏறக்குறைய 1 ஆம்பியர், அதாவது இரண்டு லட்சம் மடங்கு. சரக்கே ஏற்றாத லாரி மேட்டில் ஏறியதைப் பார்த்து, பத்து டன் ஏற்றி அனுப்பலாம் என்று சொல்வதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

லோடு கொடுத்துப் பார்ப்பது கடினமும் இல்லை. 4.7 ஓம், 10 வாட் சிமெண்ட் ரெசிஸ்டர் ஒன்று போதும். ரிச்சி தெருவில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். 5 வோல்ட்டில் அது 1.06 ஆம்பியர் இழுக்கும். கமோடோர் சப்ளையின் பிளக்குக்குப் பொருந்தும் ஏழு முள் டின் சாக்கெட் ஒன்றை வாங்கி, 5-ஆம் முள்ளுக்கும் 2-ஆம் முள்ளுக்கும் இடையில் இந்த ரெசிஸ்டரைப் பற்றவையுங்கள். கைபடாத இடத்தில், ஓட்டின் மேலோ செங்கல்லின் மேலோ வையுங்கள். ஐந்து வாட்டுக்கு மேல் சூட்டைக் கக்கும், தொட்டால் சுடும். போட்டவுடன் ஒரு அளவு, பத்து நிமிடம் கழித்து ஒன்று, அரை மணி கழித்து ஒன்று என்று தாளில் எழுதுங்கள். லோடு இல்லாமல் 5.05 காட்டிய சப்ளை லோடில் 4.6-க்கு விழுந்தால் அது பலவீனம். தொடங்கும்போது 5.1 இருந்து, சூடேறச் சூடேற 5.3, 5.4 என்று ஏறினால் அது ஆபத்து. அந்த இரண்டையும் அறிவுரை சொன்னவரின் மீட்டர் பார்க்கவே இல்லை.

2. மீட்டர் காட்டுவது சராசரி. சிப் வாழ்வது சராசரியில் இல்லை.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பிரிட்ஜ் ரெக்டிஃபையரைத் தாண்டியபின் அது நொடிக்கு 100 மேடுகளாக மாறுகிறது. அந்த மேடு பள்ளத்தை நிரவுவது மின்பகு கப்பாசிட்டரின் வேலை. நாற்பது வருடத்தில் அதன் உள்ளே இருக்கும் திரவம் வறண்டு கொள்ளளவு குறைகிறது. 7805 வகை ரெகுலேட்டர் ஒழுங்காக 5 வோல்ட் தர வேண்டுமானால் உள்ளே வரும் வோல்டேஜ் எப்போதும் சுமார் 7-க்கு மேல் இருக்க வேண்டும். கப்பாசிட்டர் வறண்டால் ஒவ்வொரு பள்ளத்திலும் அது 7-க்குக் கீழே விழுகிறது. வெளியே வரும் 5-உம் நொடிக்கு நூறு முறை சரிகிறது. நொடிக்கு இரண்டு மூன்று தடவை மட்டுமே எண்ணை மாற்றும் மீட்டர் அதையெல்லாம் சேர்த்து 4.9 என்று காட்டிவிட்டுப் போகிறது. திரையில் பட்டை பட்டையாக ஓடும், நிரல் நடுவில் உறையும், நினைவகச் சிப் கெட்டுவிட்டதென்று அதைப் பிடுங்குவார்கள். குற்றவாளி வெளியே பெட்டியில் உட்கார்ந்திருக்கும்.

சரி, ஏசி ரேஞ்சில் வைத்து இந்த மேடு பள்ளத்தை, அதாவது ரிப்பிளை, அளக்கலாமே என்று கேட்பவருக்கு: டிடி830டி-யில் ஏசி ரேஞ்ச் இரண்டுதான், 200 வோல்ட், 750 வோல்ட். மில்லிவோல்ட் கணக்கில் இருக்கும் ரிப்பிளை அது காட்ட வழியே இல்லை. அந்த மீட்டருக்கு இன்னொரு குணமும் உண்டு. உள்ளே இருக்கும் 9 வோல்ட் பேட்டரி இறங்கிவிட்டால் அளவு கூடுதலாகத் தெரியும். 4.7 இருக்கும் இடத்தில் 5 என்று படித்துவிட்டுத் திருப்தியாகப் போகலாம். அளப்பதற்கு முன் புது பேட்டரி போடுங்கள். ரிப்பிளுக்கு அலைநோக்கி வைத்திருப்பவரிடம் பத்து நிமிடம் கேளுங்கள். இந்தப் பக்கமெல்லாம் தொழிற்சாலைக்காரர்கள் ஊர், தேடினால் கிடைப்பார்.

3. இத்தனை வருடம் ஓடியது என்பது, நாளையும் ஓடும் என்பதற்கு உத்தரவாதம் ஆகாது.

இந்த வாதம் பழைய சப்ளை எப்படிச் சாகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் சொல்லப்படுவது. பல்பு போல அணைந்து போனால் யாருக்கும் நஷ்டமில்லை. கமோடோர் 64-இன் பழைய கறுப்புப் பெட்டி அப்படிச் சாவதில்லை. அதன் உள்ளே டிரான்ஸ்ஃபார்மரும் ரெகுலேட்டரும் ரெசினால் மூடி வார்க்கப்பட்டிருக்கின்றன. சூடு வெளியேற வழியில்லை. சூட்டில் ரெகுலேட்டரின் உள்ளிருக்கும் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால், 5 வோல்ட் வர வேண்டிய கம்பியில் ரெகுலேட்டருக்கு முன்னால் இருக்கும் முழு வோல்டேஜும் நேராகப் போர்டுக்கு வருகிறது. சில சமயம் 5.5, 5.8 என்று மெல்ல ஏறும். சில சமயம் ஒரே தாவலில் பாயும். 74எல்எஸ் வரிசை சிப்களும் 4164 நினைவகச் சிப்களும் தாங்கக்கூடிய உச்ச வரம்பு 7 வோல்ட். அதைத் தாண்டினால் எது முதலில் போகும் என்பது மட்டும்தான் கேள்வி.

மின்பகு கப்பாசிட்டரின் ஆயுள், வெப்பநிலை 10 டிகிரி கூடினால் ஏறக்குறைய பாதியாகும் என்பது இத்துறையில் எல்லோரும் அறிந்த கணக்கு. குளிர்ந்த நாட்டு வரவேற்பறைக்காக வடிவமைத்த பெட்டி, ஆவடியின் மே மாதத்தில் தகர ஷீட்டுக்குக் கீழே உள்ள பரணில் கிடந்தது. 'நாற்பது வருடம் தாங்கியது' என்பது அதன் பலத்தைச் சொல்லவில்லை. எவ்வளவு ஆயுள் செலவாகிவிட்டது என்பதைச் சொல்கிறது.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. இன்று அளந்து சரியாக இருந்தால், இன்று சரியாக இருந்தது என்பது மட்டுமே நிரூபணம். நாளை மாலை குழந்தை விளையாடிக்கொண்டிருக்கும்போது ரெகுலேட்டர் ஷார்ட் ஆனால் அங்கே மீட்டர் இருக்காது. அங்கே நிரந்தரமாக இருக்க வேண்டியது ஒரு காவல். ஒரு ஃபியூஸ், அதன் பின்னால் ஒரு 5.6 வோல்ட் ஜீனர் டையோடு, அது தூண்டும் ஒரு எஸ்சிஆர். வோல்டேஜ் 6-ஐத் தாண்டும் நேரத்தில் எஸ்சிஆர் லைனை ஷார்ட் செய்து ஃபியூஸை எரித்துவிடும். போவது ஒரு ஃபியூஸ். பற்றவைக்கத் தெரிந்த எவரும் ஒரு மாலைப் பொழுதில் செய்யக்கூடிய வேலை இது.

4. ஸ்டெபிலைசர் வேறு நோய்க்கான மருந்து.

'எங்க வீட்டில் ஸ்டெபிலைசர் இருக்கு' என்று சொல்பவர்களுக்கு ஓரளவு காரணம் இருக்கிறது. கோவில்பதாகையில் கோடை மாலையில் எல்லா வீட்டிலும் ஏசி ஓடும்போது விளக்கு மங்குவதும், நள்ளிரவுக்குப் பின் வோல்டேஜ் ஏறுவதும் இங்கே இருப்பவர்கள் அறிந்ததே. 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் வீட்டு இணைப்புக்கு அனுமதித்தது 6 சதவீத ஏற்ற இறக்கம். 230-க்கு அது 216 முதல் 244 வரை. தெருவின் கடைசிக் கம்பத்தில் இருப்பவர்களுக்கு அந்த எல்லை எப்போதும் கிடைப்பதில்லை.

மெயின்ஸ் 10 சதவீதம் கூடினால் டிரான்ஸ்ஃபார்மரின் வெளியீடும் 10 சதவீதம் கூடும். ரெகுலேட்டருக்குள் 10 வோல்ட் வந்த இடத்தில் 11 வரும். 1 ஆம்பியர் லோடில் ரெகுலேட்டர் கக்கும் சூடு 5 வாட்டிலிருந்து 6 வாட்டாகிறது, அதாவது 20 சதவீதம் கூடுகிறது. மெயின்ஸ் 190-க்கு இறங்கினால் அதே 10 வோல்ட் 8.3 ஆகிறது, வறண்ட கப்பாசிட்டரின் பள்ளம் அதிலிருந்து 7-க்குக் கீழே எளிதாகப் போய்விடும். இந்த இரண்டுக்கும் ஸ்டெபிலைசர் உதவும், மறுக்கவில்லை. ஆனால் ரெகுலேட்டர் ஷார்ட் ஆகும்போது மெயின்ஸ் அசையாமல் 230-இல் நின்றாலும் போர்டு கருகும். ஸ்டெபிலைசர் நிற்பது டிரான்ஸ்ஃபார்மருக்கு முன்னால். கொலை நடப்பது டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால்.

5. எண் கூடினாலே சப்ளை கெட்டது என்பதும் இதே அறியாமைதான்.

ஸ்பெக்ட்ரத்தின் அடாப்டரில் 9 வோல்ட் என்று எழுதியிருக்கும். லோடு இல்லாமல் மீட்டர் வைத்தால் 12, 13 காட்டும். உடனே 'அடாப்டர் போயிடுச்சு' என்று குப்பையில் எறிகிறார்கள். அது ரெகுலேட்டர் இல்லாத அடாப்டர். 9 என்பது அதன் முழு லோடில் வர வேண்டிய அளவு. 5 வோல்ட் ஆக்கும் 7805 கணினிக்குள் இருக்கிறது. லோடு இல்லாதபோது 13 காட்டுவது அதன் இயல்பு.

எறிந்தபின் செய்வது அதைவிட மோசம். வீட்டில் கிடக்கும் ரவுட்டர் அடாப்டரை எடுக்கிறார்கள். அதே 9 வோல்ட், அதே மாதிரி பின். ரவுட்டர் அடாப்டரில் பொதுவாக நடு முனை பாசிடிவ். ஸ்பெக்ட்ரத்தில் நடு முனை நெகடிவ். மீட்டர் '9' என்று காட்டும். முன்னால் இருக்கும் சிறிய கழித்தல் குறியை யாரும் பார்ப்பதில்லை. நல்ல அடாப்டர் குப்பையில், தவறான அடாப்டர் கணினியில். எண்ணை மட்டும் படித்து, அது எந்தச் சுற்றிலிருந்து வருகிறது என்று கேட்காததன் விளைவு.

6. ஒரு லைனைப் பார்த்துவிட்டு எல்லா லைனுக்கும் சான்றிதழ் தர முடியாது.

கமோடோர் 64-க்கு 5 வோல்ட் டிசி மட்டும் போதாது. 6, 7-ஆம் முட்களில் 9 வோல்ட் ஏசியும் வேண்டும். டிசி ரேஞ்சில் வைத்தால் அங்கே பூஜ்யம் காட்டும். அதைப் பார்த்து 'பாதி செத்துப்போச்சு' என்று முடிவு கட்டுகிறவர்கள் ஒரு பக்கம். 5 வந்தால் போதும் என்று 9-ஐப் பார்க்காமலே விடுகிறவர்கள் இன்னொரு பக்கம்.

ஸ்பெக்ட்ரத்தில் விஷயம் இன்னும் தீவிரம். அதன் கீழ் 16 கிலோபைட் நினைவகம் 4116 சிப்களால் ஆனது. அந்தச் சிப்புக்கு மூன்று வோல்டேஜ் வேண்டும்: 1-ஆம் முள்ளில் −5, 8-ஆம் முள்ளில் +12, 9-ஆம் முள்ளில் +5. இவற்றில் −5 முதலில் வந்து கடைசியில் போக வேண்டும். அது இல்லாமல் 8-ஆம் முள்ளில் வோல்டேஜ் நின்றால் சிப் சூடாகிச் சாகும். −5-ஐயும் +12-ஐயும் உண்டாக்குவது போர்டுக்குள் இருக்கும் ஒரு சிறிய சுற்று. டிஆர்4 என்று குறிக்கப்பட்ட டிரான்சிஸ்டர்தான் அதில் அடிக்கடி போவது. ஆகவே வெளியே அடாப்டரில் என்ன அளந்தாலும் இந்தச் சிப்களைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாது. மூடியைத் திறந்து 16-ஆம் முள்ளைக் கிரவுண்டாக வைத்து முதலில் 1-ஆம் முள்ளைத்தான் பார்க்க வேண்டும். −5 இல்லையென்றால் அந்த நொடியே ஆஃப். மற்றதெல்லாம் பிறகு.

சப்ளையின் முனையில் 5 இருப்பதும் சிப்பின் காலில் 5 இருப்பதும் ஒன்றல்ல என்பதையும் இங்கேயே சேர்த்துக்கொள்ளுங்கள். இடையில் கேபிள், பிளக், களிம்பேறிய சுவிட்ச். 1 ஆம்பியர் ஓடும்போது கால் ஓம் தடை இருந்தாலே கால் வோல்ட் போய்விடும். போர்டுக்குத் தேவை 4.75-இலிருந்து 5.25 வரை, அந்த அளவு சிப்பின் காலில் வேண்டும்.

7. பிபிசி மைக்ரோவுக்கு இந்த அறிவுரை நேர்மாறாகவே வேலை செய்யும்.

அதன் உள்ளே இருப்பது எஸ்எம்பிஎஸ், அதாவது ஸ்விட்ச் மோடு பவர் சப்ளை. பழைய எஸ்எம்பிஎஸ் பலவற்றுக்குக் குறைந்தபட்ச லோடு இருந்தால்தான் வோல்டேஜ் நிலையாக நிற்கும். போர்டைக் கழற்றிவிட்டு வெறுமனே அளந்தால் நல்ல சப்ளையும் கெட்டது போலக் காட்டும். கெட்டதை நல்லதென்று சொல்லும் அதே சோதனை, நல்லதைக் கெட்டதென்றும் சொல்லும் என்றால் அதை எப்படி நம்புவது?

அதற்குள் மெயின்ஸ் பக்கத்தில் காகித வகை ஃபில்டர் கப்பாசிட்டர்கள் இருக்கின்றன. வயதானால் அவற்றின் ஒளி ஊடுருவும் மேலுறையில் மயிரிழை விரிசல் விழும், ஈரம் நுழையும், ஒரு நாள் புகை கக்கும். எங்கள் ஏரிக்கரை ஊரின் மழைக்கால ஈரத்தில் கிடந்ததற்கு இது இன்னும் சீக்கிரம். எல்லா லைனிலும் அளவு கச்சிதமாக இருக்கும் நாளிலேயே இது நடக்கலாம். அதைக் கண்டுபிடிப்பது மீட்டர் இல்லை, கண். விரிசல் தெரிந்தால் மாற்றிவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: உள்ளே இருக்கும் பெரிய கப்பாசிட்டரில் 325 வோல்ட் வரை நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அது கொஞ்ச நேரம் இருக்கும். அந்தப் பக்கம் பழக்கமில்லாதவர் கை வைக்கக் கூடாது. எஸ்எம்பிஎஸ் வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள்.

8. 'இவ்வளவு சொன்னால் புதியவர் ஓடிவிடுவார்.'

எதிர்த் தரப்பின் மிக வலுவான வாதம் இது. ஆகவே கடைசியில் வைத்தேன். புதியவரை விரட்டுவது எது? ஒரு சிமெண்ட் ரெசிஸ்டரும் அரை மணி நேரமும் அவரை விரட்டாது. மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கணினியை, 'நல்லாத்தான் இருக்கு' என்ற வார்த்தையை நம்பிச் செருகி, அது தன் கையாலேயே செத்ததைப் பார்ப்பதுதான் விரட்டும். அதன்பின் அவர் இந்தப் பக்கம் திரும்பமாட்டார். கணினி பழைய இரும்புக் கடைக்குப் போகும்.

போனது திரும்பி வருமா என்றும் பார்க்க வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் எரிந்தால் அம்பத்தூரில் வைண்டிங் செய்து தருவார்கள். ரெகுலேட்டர் போனால் புதிது வாங்கலாம். கமோடோர் 64-இன் ஒலிக்கான சிட் சிப்பும் திரைக்கான விக் சிப்பும் அப்படி இல்லை. கமோடோர் 1994-இல் திவாலானது. ஸ்பெக்ட்ரத்தின் யூஎல்ஏ சிப்பைச் செய்த ஃபெராண்டி 1993-இல் வீழ்ந்தது. இன்று அந்த அசல் சிப்கள் பெரும்பாலும் கிடைப்பது இன்னொரு பழைய கணினியின் வயிற்றில்தான். ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்றைக் கொல்ல வேண்டும். எளிதில் கிடைக்கும் பொருளான சப்ளையைச் சரியாகச் சோதிக்காமல், எளிதில் கிடைக்காத சிப்பைப் பணயம் வைக்கச் சொல்கிறது அந்த அறிவுரை. இதில் எளிமை எங்கே இருக்கிறது?

ஆகவே நான் கேட்பது இது. ரெசின் வார்த்த பழைய கமோடோர் சப்ளையைச் சோதித்துப் பாஸ் செய்யும் பேச்சையே விடுங்கள். ஒரு நல்ல 5 வோல்ட் எஸ்எம்பிஎஸ், ஒரு 9 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், இரண்டுக்கும் ஃபியூஸ் வைத்துப் புதிதாகச் செய்யுங்கள். பழைய பெட்டியை நினைவுக்காக வைத்துக்கொள்ளலாம், மின்சாரத்தில் வேண்டாம். மற்ற சப்ளைகளை நல்லதென்று யார் சொன்னாலும் நான்கு கேள்வி கேளுங்கள். எவ்வளவு லோடில் பார்த்தீர்கள்? எவ்வளவு நேரம் பார்த்தீர்கள்? எந்தெந்த முள்ளில் பார்த்தீர்கள்? வோல்டேஜ் எகிறினால் தடுக்க அங்கே என்ன இருக்கிறது? நான்குக்கும் பதில் வரும்வரை செருகாதீர்கள். பதில் இல்லாமல் தைரியம் மட்டும் சொல்பவருக்கு இழக்க எதுவும் இல்லை. கணினி உங்களுடையது.